எந்தப் பதின்மூன்று?

கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். ‘புளத்கொகுபிட்டிய’ என்ற ஊர்ப்பெயரை வழியெல்லாம் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு கடைப் பலகையில் ‘புளத்கொகுபிட்டிய’ என்று இருக்கும். அடுத்த பலகையில் ‘புலத்கொஹுபிட்டிய’. கலியாணப் பத்திரிகையில் ‘புளத்கொஹுப்பிட்டி’. மாமா கடித உறையில் அவசரமாக ‘பு.பிட்டிய’ என்று கிறுக்கியிருப்பார். சிங்களத்தில் ‘புலத்’ என்றால் வெற்றிலை என்பது தெரிந்தவர் ஒரு மாதிரி எழுதுவார், தெரியாதவர் காதில் விழுந்த மாதிரி எழுதுவார்.

எப்படி எழுதியிருந்தாலும் நீங்கள் குழம்புவதில்லை. இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கி வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஊர் உங்களுக்குத் தெரியும், அதனால் எழுத்து முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

கணினிக்கு ஊர் தெரியாது. அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு சொல். ஆகவே நீங்கள் பார்த்த நான்கு பெயர்களையும் நான்கு ஊர்கள் என்று எண்ணிக்கொள்ளும்.

ஊர்ப்பெயரில் ஏமாந்தால் ஒரு பஸ் தரிப்பிடம் தள்ளிப் போய் இறங்குவோம், அவ்வளவுதான். சட்டத்தின் பெயரில் ஏமாந்தால் என்ன ஆகும்? அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறப்போம்.

அம்மாயியின் கடுதாசி

தோட்டத்து வீடுகள் பலவற்றில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். புதுச் சேலை, பழைய போட்டோ, பாச்சை உருண்டை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடிப்பில் கிழியத் தொடங்கிய ஒரு தாள்.

“அம்மாயி, இது என்னா கடுதாசி?”

“அதுவா? பிரஜாவுரிமை. கையக் கழுவிட்டுத் தொடு புள்ள.”

அம்மாயிக்கு அது ‘பிரஜாவுரிமை’. பாடப் புத்தகத்தில் அதே விஷயம் ‘குடியுரிமை’. அரசாங்கம் அச்சடித்த சட்டத்தில் ‘பிரசாவுரிமை’. பொருள் ஒன்று, பெயர் மூன்று. இது முதல் சிக்கல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ‘பிரஜாவுரிமைச் சட்டம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொன்னாலும் உண்மையில் அது ஒரு சட்டம் அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் ஒன்று. தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளி மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது அதுதான். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய, பாகிஸ்தானிய வம்சத்தவர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறுவதற்கு வந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பிறகு 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம். கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30ஆம் தேதி முதல் இலங்கையிலேயே நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் அது பிரசாவுரிமை தந்தது.

ஒரே குடும்பத்தில் தாத்தாவுக்கு ஒரு சட்டத்தின் கீழும் சித்தப்பாவுக்கு இன்னொரு சட்டத்தின் கீழும் பிரஜாவுரிமை கிடைத்திருக்கலாம். ‘பிரஜாவுரிமைச் சட்டம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எது என்று சொல்ல ஆண்டும் இலக்கமும் வேண்டும்.

பேச்செல்லாம் புத்தகமாகும் இடம்

சட்டங்கள் பாராளுமன்றத்தில் பிறக்கின்றன. அங்கே பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதி அச்சடிக்கிறார்கள். அந்தப் புத்தகத்துக்கு ‘ஹன்சாட்’ என்று பெயர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் லண்டனில் பாராளுமன்றப் பேச்சுகளை அச்சடித்து விற்றுவந்த அச்சகக்காரர் தோமஸ் கர்சன் ஹன்சாட். அவருடைய பெயரே புத்தகத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்து ருவன்வெல்லையிலிருந்து 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானவர் என். எம். பெரேரா. 1934–35 மலேரியாக் காலத்தில் கேகாலை மாவட்டத்துக் கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டு அலைந்தவர். 1948இல் பிரசாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது அவருடைய சமசமாஜக் கட்சி அதை எதிர்த்தது. அன்று பாராளுமன்றத்தில் நடந்த விவாதம் இன்றும் ஹன்சாட் பக்கங்களில் இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. ‘1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி இன்றுவரை பாராளுமன்றத்தில் யார் யார், எந்தெந்த நாளில் பேசினார்கள்?’ விடை ஹன்சாட்டில்தான் இருக்கிறது. தேட வேண்டியது எழுபது ஆண்டுக்கும் மேற்பட்ட பேச்சு. ஒருவர் உட்கார்ந்து வாசித்தால் வாசித்துக்கொண்டே கிழவராகிவிடுவார்.

‘கணினியில் தேடு பெட்டி இருக்கிறதே, 18 என்று தட்டினால் போச்சு’ என்று நினைக்கிறீர்களா? தட்டிப் பாருங்கள். 18ஆம் தேதி வரும். 18 லட்சம் ரூபாய் வரும். 18 வயது வரும். 2010இல் அரசியலமைப்புக்குச் செய்த 18ஆவது திருத்தம் வரும். தேடிய சட்டம் எங்கோ நடுவில் ஒளிந்திருக்கும். அது மட்டுமல்ல, பேசியவர் ‘பதினெட்டு’ என்றே சொல்லாமல், “எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கிய அந்தச் சட்டம்” என்று சொல்லியிருந்தால் தேடு பெட்டி அதைத் தாண்டிப் போய்விடும்.

ஒரு பெயர், பல பொருள்

இரண்டாவது சிக்கல் இதுதான். முதல் சிக்கலின் தலைகீழ்.

2016 மே மாதம் பெய்த பெருமழையை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரநாயக்கவிலும் நம் புளத்கொகுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் போயின. அப்படிப்பட்ட பேரிடர்களில் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வந்தது.

நம்முடைய சப்ரகமுவ மாகாண சபை எப்படி வந்தது தெரியுமா? 1987இல் அரசியலமைப்புக்குச் செய்த 13ஆவது திருத்தத்தால் வந்தது.

ஒன்று 13ஆம் இலக்கச் சட்டம். மற்றது 13ஆவது திருத்தம். பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்து “பதின்மூன்றை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள்” என்றால் அவர் எதைச் சொல்கிறார்? மண்சரிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாரா, மாகாண சபையைப் பற்றியா? முன்னால் பேசியதைக் கேட்டால் உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். கணினிக்கும் அப்படி முன்பின் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

‘சட்டம்’ என்ற சொல்லே குறும்புக்காரச் சொல். ஜன்னலுக்கும் சட்டம் உண்டு, படத்துக்கும் சட்டம் உண்டு. ‘சட்டமூலம்’ என்றால் இன்னும் நிறைவேறாத சட்டம். அதைச் சட்டம் என்று எண்ணினால் முட்டையைக் கோழி என்று எண்ணிய கதைதான். சட்டத்தின், சட்டத்துக்கு, சட்டங்களை, சட்டப்படி என்று வால் மாறி மாறி வரும். அரசியலமைப்பின் பகுதிகளைப் ‘பிரிவு’ என்று சொல்லாமல் ‘உறுப்புரை’ என்பார்கள். தகவல் அறியும் உரிமை இருப்பது உறுப்புரை 14அ. அந்தக் குட்டி ‘அ’வைக் கணினி விட்டுவிட்டால் உறுப்புரை 14க்குப் போய்விடும்.

இஞ்சினும் பெட்டிகளும்

சரி, எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

பழைய வழி, விதி எழுதுவது. ‘முதலில் நான்கு இலக்க ஆண்டு, அடுத்து ஆண்டின், அடுத்து ஓர் எண், அடுத்து இலக்க, கடைசியில் சட்டம். இப்படி வந்தால் பிடி’ என்று கணினிக்குச் சொல்லிவிடுவது. நேராக எழுதியிருந்தால் இந்த விதி நன்றாகப் பிடிக்கும். ஆனால் மனிதர் வாய் நேராகப் பேசாது. “நாப்பத்தெட்டுல வந்த அந்தப் பதினெட்டு” என்று ஒருவர் சொன்னால் விதி விழித்துக்கொண்டு நிற்கும்.

புதிய வழி, காட்டிக் காட்டிப் பழக்குவது. செயற்கை நுண்ணறிவு என்று சொல்வது இதைத்தான். முதலில் மனிதர்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் சட்டங்களைக் குறித்துக்கொடுப்பார்கள். அதற்கு ஓர் அழகான முறை இருக்கிறது. ரம்புக்கனையில் ரயில் பார்த்திருப்பீர்கள் அல்லவா? சட்டப் பெயரின் முதல் சொல்லுக்கு ‘இஞ்சின்’ என்று சீட்டு ஒட்டுங்கள். அதைத் தொடர்ந்து வரும் சொற்களுக்குப் ‘பெட்டி’ என்று ஒட்டுங்கள். சட்டத்தோடு சேராத சொற்கள் எல்லாம் ‘மேடையில் நிற்பவர்கள்’.

‘அமைச்சர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தை விளக்கினார்.’ இதில் ‘அமைச்சர்’ மேடையில் நிற்பவர். ‘2005ஆம்’ இஞ்சின். ‘ஆண்டின்’, ‘13ஆம்’, ‘இலக்கச்’, ‘சட்டத்தை’ நான்கும் பெட்டிகள். ‘விளக்கினார்’ மறுபடியும் மேடை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சட்டங்கள் வந்தாலும் குழப்பம் இல்லை. இரண்டாவது இஞ்சினைப் பார்த்ததும் இது வேறு ரயில் என்று தெரிந்துவிடும்.

இப்படிக் குறித்த வாக்கியங்களைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். அது ஊகிக்கும், பிழை விடும். ஒவ்வொரு பிழைக்கும் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்கள் துளித்துளியாகத் திருகப்படும். ரேடியோவில் இரைச்சல் குறையும்வரை குமிழைத் திருகுவோமே, அந்த மாதிரி. திருகித் திருகி ஒரு கட்டத்தில் முன்பின் பார்க்காத வாக்கியத்திலும் இஞ்சினைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடும்.

கணினிக்கு மொழி எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். அதற்கு முன்னாலேயே அது ஒரு பயிற்சி செய்திருக்கிறது. உங்கள் பரீட்சைத் தாளில் வருமே, ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’, அதே பயிற்சி! கோடிக்கணக்கான வாக்கியங்களில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு ‘என்ன சொல்?’ என்று கேட்பார்கள். ‘சட்டத்தின் ___ பிரிவின் கீழ்’ என்றால் நடுவில் ஓர் எண் வரும் என்று நீங்கள் ஊகிப்பீர்கள். கணினியும் அப்படித்தான் பழகுகிறது. கூகுள் நிறுவனம் 2018இல் 104 மொழிகளில் இப்படிப் பழக்கிய ‘பெர்ட்’ என்ற மாதிரியில் தமிழ் இருந்தது, சிங்களம் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட, 100 மொழிகள் பழகிய மாதிரியில் இரண்டும் இருந்தன. நம் நாட்டுக்கு இரண்டும் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கூடையில் என்ன இருக்கிறது? செடியில் என்ன மிச்சம்?

கணினி நன்றாகப் படித்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? இதற்கு விடை கொழுந்து எடுக்கிற அம்மாவிடம் இருக்கிறது.

நல்ல கொழுந்து என்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். கூடை நிறுக்கிற இடத்தில் இரண்டு விதமாகக் குறை சொல்லலாம். ‘கூடையில முத்தின இலையும் கலந்து கெடக்கே’ என்பது ஒன்று. ‘நெறையில பாதிக் கொழுந்த விட்டுட்டு வந்துட்டீங்களே’ என்பது மற்றது. முதல் குறை கூடையைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது குறை தெரிய வேண்டுமானால் செடியிடம் போக வேண்டும்.

கணினிக்கும் இந்த இரண்டு தேர்வுகள்தான். ஒரு ஹன்சாட் பக்கத்தில் உண்மையாக 10 இடங்களில் சட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி 9 இடங்களைக் குறித்தது. அவற்றில் 8 சரி. ஒன்று தவறு, ஜன்னல் சட்டத்தைப் பிடித்துவிட்டது. கூடைக் கணக்கு: 9இல் 8, அதாவது ஏறத்தாழ 89 சதவீதம். இதைத் ‘துல்லியம்’ என்பார்கள். செடிக் கணக்கு: 10இல் 8, அதாவது 80 சதவீதம். இதை ‘மீட்பு’ என்பார்கள்.

எது முக்கியம்? வேலையைப் பொறுத்தது. பிரஜாவுரிமை வரலாற்றை எழுதுகிறவர் ஒரு பேச்சைக்கூட விட்டுவிடக் கூடாது. அவருக்குச் செடியில் மிச்சம் இருக்கவே கூடாது. முத்தின இலை கொஞ்சம் கலந்திருந்தால் அவரே பொறுக்கி எறிந்துவிடுவார். நீதிமன்றத்துக்கு எழுதுகிறவருக்கோ ஒரு தவறான இலக்கம்கூட ஆபத்து. அவருக்குக் கூடை சுத்தமாக இருக்க வேண்டும்.

பிடித்தால் போதாது, கட்ட வேண்டும்

சட்டத்தின் பெயரைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்து அதை உரிய சட்டத்தோடு கட்டிவிட வேண்டும். தொட்டதும் அந்தச் சட்டமே திறக்க வேண்டும்.

இங்கே ஆண்டு இல்லாவிட்டால் கதை கெடும். 32ஆம் இலக்கச் சட்டம் என்றால் எது? 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கம், ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டம். அக்காவுக்குத் தேசிய அடையாள அட்டை கிடைத்தது அதன் கீழ். 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கமோ பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை உண்டாக்கியது. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு என்ற பேச்சோடு சேர்ந்த சட்டம் அது. பழைய சட்டங்களுக்கு ‘அத்தியாயம்’ என்று இன்னோர் எண்ணும் இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். அதுவே அத்தியாயம் 110.

காலமும் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு ஒன்று உண்டு. பிரதேச சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட அது தடையாக இருந்தது. ரோடு உடைந்தாலும் தண்ணீர்க் குழாய் வேண்டுமானாலும் ‘33 இடம் கொடுக்காது’ என்ற பேச்சு வரும். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். 1995இல் ஒருவர் ‘33ஆம் பிரிவு’ என்று பேசினால் அவர் பழைய 33ஐச் சொல்கிறார். கணினி அதை இன்றைய 33ஓடு கட்டிவிட்டால், ‘இதில் என்ன குறை? இவர் ஏன் கோபப்பட்டார்?’ என்று வாசிக்கிறவர் குழம்பிப்போவார்.

இந்தக் கட்டு வேலைக்கு உலகத்தில் ஒரு பொது முறையே இருக்கிறது. ஆப்பிரிக்கப் பாராளுமன்றங்களுக்காக ஐக்கிய நாடுகள் சபையின் திட்டம் ஒன்றில் தொடங்கி, 2018இல் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு சட்டத்துக்கும் பிரிவுக்கும் உரைக்கும் குழப்பமில்லாத ஒரு முகவரி எழுதும் முறை அது. பெயர் ‘அகோமா ந்டோசோ’. மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மொழியில் ‘இணைந்த இதயங்கள்’ என்று பொருள். பேச்சையும் சட்டத்தையும் இணைக்கிற வேலைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

பிரேசிலில் ஓர் உலிசிஸ்

பிரேசில் நாட்டுப் பாராளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை ‘உலிசிஸ்’ என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு முறைகளை வளர்த்துவருகிறது. அந்த நாட்டின் 1988 அரசியலமைப்பை எழுதிய சபைக்குத் தலைமை தாங்கிய உலிசிஸ் கிமராய்ஸின் பெயர் அது. அங்கே ஆய்வாளர்கள் போர்த்துகீச மொழியில் உள்ள சட்டமூலங்களை எடுத்து, ஆள், இடம், நாள், அமைப்பு, நிகழ்வு ஆகியவற்றோடு சட்டக் குறிப்புகளையும் தனியாகக் குறித்து 2022இல் வெளியிட்டார்கள். நாம் பார்த்த இஞ்சின், பெட்டி வேலைதான்.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. சட்டத்தின் பட்டப்பெயர்களுக்கும் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள்! 2006ஆம் ஆண்டின் 11,340ஆம் இலக்கச் சட்டத்தை அங்கே எவரும் எண்ணால் சொல்வதில்லை. குடும்ப வன்முறைக்கு ஆளாகி, நீதி கேட்டுப் போராடிய பெண்ணின் பெயரால் ‘மரியா டா பென்யா சட்டம்’ என்றே சொல்வார்கள். அம்மாயி ‘பிரஜாவுரிமை’ என்கிறாரே, அதைப் போல மக்கள் வாயில் வாழும் பெயர் அது. அந்தப் பெயரைக் கணக்கில் எடுக்காத கணினி மக்களுடைய பேச்சைப் பாதிதான் கேட்கும்.

நம் நாட்டில் மூன்று வேலிகள்

நம் ஹன்சாட்டுக்கு இதைச் செய்ய வேண்டுமானால் மூன்று வேலிகளைத் தாண்ட வேண்டும்.

முதல் வேலி காகிதம். பழைய ஹன்சாட்கள் அச்சுப் புத்தகங்கள். அவற்றைப் படம் பிடித்து, படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காண வேண்டும். பூச்சி அரித்த இடத்தில் 8 ஒன்று 3 ஆகத் தெரிந்தால் 18ஆம் இலக்கம் 13ஆம் இலக்கமாகிவிடும்!

இரண்டாவது வேலி எழுத்துரு. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். ‘தமிழ்’ என்று தெரிகிற இடத்தில் கணினிக்குள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று இருக்கும். முதலில் அதை ஒருங்குறிக்கு மாற்றினால்தான் கணினி அதைத் தமிழாக வாசிக்கும்.

மூன்றாவது வேலி மொழி. நம் ஹன்சாட்டில் உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே பேச்சு அச்சாகிறது. ஒரே பக்கத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரலாம். ஒரே சட்டத்துக்கு மூன்று மொழியில் மூன்று பெயர். மூன்றையும் ஒரே முகவரியில் கட்ட வேண்டும். சிங்களமும் தமிழும் பழகிய மாதிரி வேண்டும் என்று சொன்னேனே, இதற்காகத்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் கணினி முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். நீதிமன்றத் தீர்ப்புகளைக் கணினி வாசிப்பது பற்றிய ஆய்வும் அங்கே நடந்திருக்கிறது. வேலி தாண்டும் கால்கள் நம்மிடமும் இருக்கின்றன.

கற்பனைக் குதிரை

ஓர் எச்சரிக்கை. கேள்வி கேட்டால் சரளமாகப் பதில் எழுதும் கணினி முறைகள் இப்போது வந்திருக்கின்றன. 2023இல் நியூயோர்க்கில் ஒரு வழக்கறிஞர் அப்படி ஒன்றிடம் பழைய தீர்ப்புகளைக் கேட்டு வாங்கி நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார். தேடிப் பார்த்தால் அவற்றில் ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை! கணினி அழகாகக் கற்பனை செய்திருந்தது. நீதிமன்றம் 5,000 டொலர் தண்டம் விதித்தது.

கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகியது எதையாவது நிரப்பத்தான் பார்க்கும். அதனால் சட்டக் குறிப்பைத் தேடும் கணினியிடம் ‘உனக்குத் தெரிந்ததைச் சொல்’ என்று கேட்கக் கூடாது. ‘இந்தப் பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக் காட்டு’ என்று கேட்க வேண்டும். காட்டியதை உண்மையான சட்டப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

நீங்களே கணினி!

பென்சிலை எடுங்கள். கீழே உள்ள வாக்கியங்களில் சட்டத்தைக் குறிக்கும் சொற்களுக்கு மட்டும் கோடு போடுங்கள்.

1. மழையில் லயத்து ஜன்னல் சட்டம் உளுத்துப் போச்சு.
2. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம்.
3. பதின்மூன்றாவது திருத்தத்தால் மாகாண சபைகள் வந்தன.
4. 13ஆம் தேதி பிரதேச சபைக்குப் போனோம்.
5. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவை மாற்றுங்கள் என்று கேட்டோம்.

விடைகள்: ஒன்றிலும் நான்கிலும் கோடே வராது. இரண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மூன்றில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். ஐந்தில் ‘அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு’ என்று கோடு போட்டால் சரி. ஆனால் எந்தச் சட்டம் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. நான்காம் வாக்கியத்தில் பிரதேச சபை வருகிறதே என்று திரும்பிப் பார்த்தீர்களானால் நீங்கள் நல்ல கணினி!

அடுத்த வேலை வீட்டில். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, அந்த டிரங்குப் பெட்டியைத் திறங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு சட்டத்தின் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு கொப்பியில் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்த இலக்கம், எந்தப் பிரிவு. தாள் கிழிந்தாலும் கொப்பியில் இருக்கும்.

அப்புறம் ஒருநாள் எங்காவது ஒரு மேசைக்கு முன்னால் அம்மாவோடு நிற்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் “சட்டத்துல அப்படித்தான் இருக்கு” என்பார். அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பப் பார்ப்பார். நீங்கள் கொப்பியைத் திறந்து, மரியாதையாகக் கேளுங்கள்:

“எந்தச் சட்டம்ங்க ஐயா?”